அம்மன் அள்ளிக் கொடுத்த சேறு

சூடத்தை ஏற்றி வையுங்கள், அடித்தே சத்தியம் பண்ணுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், பூசை நேரத்தில், சாமியாடி இராமசாமி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் இரண்டு கையிலும் சேற்றை அள்ளி அப்பினான்.

அதுவும் எந்தப் பிள்ளை? டிலுக்ஷி. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று எங்கள் வரிசை வீட்டு லயமே கும்பிட்ட பிள்ளை.

பிள்ளை ஓயாமல் கை கழுவும். கதவுக் கொண்டியைத் தொட்டால் கழுவும், செருப்பைப் பார்த்தாலே கழுவும். சுத்தமாயிருச்சாம்மா என்று கேட்கும். ஆயிருச்சு சாமி என்பாள் தாய் ஜீவராணி. மறுபடியும் கழுவும்.

பெற்றவளே சாமி என்று கூப்பிட்டால் லயம் சும்மா இருக்குமா? மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து பெண்கள் வாய் பேசாமல் தண்ணீர் தூக்கி வந்து, மஞ்சள் கரைத்து, வாசலில் வைத்தார்கள். பிள்ளை வரம் கேட்டு அடுத்த தோட்டத்திலிருந்தும் வந்து காலில் விழுந்தார்கள்.

காலில் விழுந்தவர்கள் கையைப் பார்க்கவில்லை. தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. பேனா பிடிக்க முடியாமல் ஏ.எல். உயர்தர வகுப்பும் நின்றுபோனது.

பள்ளிக்கூடத்து ஸாஹிரா டீச்சர்தான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இது ஓ.சி.டி. என்கிற மன நோய், மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு என்றார் டாக்டர். பயப்படுகிறதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வேண்டும். கழுவாமல் இருந்தால் பயம் தானாக இறங்கும். வீட்டில் யாரும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சுத்தமா என்று கேட்டால் பதில் சொல்லவும் கூடாது.

டாக்டருக்குச் சாமி காரியம் என்ன தெரியும் என்று ஜீவராணி அடுத்த வாளியைத் தூக்கினாள்.

இப்போது அந்த இராமசாமி. கொழுந்து மலையில் ஒரு சிறுத்தை தன்னிடம் வெற்றிலை கேட்டது, சுண்ணாம்பு போதவில்லை என்று கோபித்துக்கொண்டு போனது என்று சொல்லித் திரிகிற கிழவன். அவன் மேல் அம்மன் எப்படித்தான் இறங்குகிறாளோ.

அந்த வெள்ளிக்கிழமை மழை விட்டு, கோயில் வாசல் சேறாகிக் கிடந்தது. உடுக்கை அடித்ததும் இராமசாமி ஆடினான். ஆடிக்கொண்டே வந்து, டிலுக்ஷி பக்கத்திலிருந்த மஞ்சள் தண்ணீர் வாளியை எட்டி உதைத்தான். எல்லோருடைய காலும் மிதித்த சேற்றை அள்ளினான்.

பிள்ளை இரண்டு கையையும் நீட்டியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஜீவராணி போட்ட சத்தத்தில் உடுக்கை நின்றுவிட்டது.

"இவ என் புள்ள. கழுவச் சொன்னது நான் இல்ல" என்றது அம்மன் வாக்கு. "இவளுக்குத் தண்ணி தூக்குற எவளும் என் வாசலை மிதிக்கக் கூடாது. சுத்தமான்னு கேட்டா எவளும் வாயத் திறக்கக் கூடாது. செவ்வாய்க்குச் செவ்வாய் ரத்தினபுரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் கைகட்டிக் கேட்டார். "ரத்தினபுரியில எந்தக் கோயிலுக்குங்க, தாயே?"

அம்மன் கொஞ்சம் யோசித்தாள்.

"கிளினிக்குக்கு."

தீபாராதனைத் தட்டைப் பிடித்திருந்த பூசாரியின் கை அப்படியே நின்றது. மாரியம்மன் வாயில் கிளினிக்கா?

டிலுக்ஷி நடுநடுங்கி அழுதது. சுத்தமாம்மா, சுத்தமாம்மா என்றது. வாளியை எடுக்க ஓடிய ஜீவராணியை, நேற்றுவரை தண்ணீர் தூக்கிய பெண்களே மறித்துப் பிடித்தார்கள். வாக்கை மீற யாருக்குத் துணிவு? பூசை முடிவதற்குள் சேறு காய்ந்து உதிர்ந்தது. நடுக்கமும் இறங்கியது. பிள்ளை தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தது.

இராமசாமி குடித்துவிட்டு ஆடினான் என்று அன்றைக்கே பேச்சு. வயசுப் பிள்ளை கையில் சேறு பூசினவன் உருப்படுவானா என்று ஜீவராணி மண்ணைத் தூற்றினாள். வேறு சாமியாடி தேடினார் தலைவர். உடுக்கை அடித்து அடித்துப் பார்த்தார்கள், அம்மன் வேறு யார் மேலும் இறங்கவில்லை.

தண்ணீர் மட்டும் அதற்குப் பிறகு யாரும் தூக்கவில்லை. ஜீவராணி திட்டிக்கொண்டேதான் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுகிறாள். முழுக்கக் குணம் என்று சொல்ல மாட்டேன். சில நாள் பிள்ளை பீலியடியில் நின்று அழுகிறது. ஆனால் கைப் புண் ஆறிவிட்டது, வகுப்புக்குப் போகிறது, பேனா பிடிக்கிறது.

இனி நான் சொல்வதைக் கிட்ட வந்து கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கிளினிக் முடிந்து வந்த பஸ்ஸில் டீச்சர் பெல்மதுளையில் இறங்கிவிட்டார். முழங்கால் மருந்துக்குப் போய்விட்டு வந்த இராமசாமி பக்கத்தில் பிள்ளை வந்து உட்கார்ந்தது.

"சேத்தைத் தொடுறது இப்ப என்னால முடியும் தாத்தா. அம்மா வாளியோட வந்து நிக்கிறாங்களே, அதத்தான் தாங்க முடியல. டாக்டர் சொன்னா கேக்க மாட்டாங்க. அம்மன் சொன்னா கேப்பாங்க."

பொய் வாக்குச் சொன்னால் அம்மன் கண்ணைக் குத்திவிடுவாள் என்று கிழவன் மறுத்தான்.

"என் கையப் பாருங்க தாத்தா" என்றது பிள்ளை. கிழவன் பார்த்தான். அப்புறம், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

ஓப்பநாயக்க வருகிறவரைக்கும் வாக்கை வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தது. இறங்கும்போதும் ஒரு தரம் சொன்னது, "கிளினிக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பாழாய்ப்போன வாய், தலைவர் கேட்டதும் அதைத்தான் சொல்லித் தொலைத்தது.

பஸ்ஸில் பேசினது உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும். வருகிற வெள்ளிக்கிழமையும் நான்தானே ஆட வேண்டும்.