முகம் பார்க்கும் விளக்கு

புது பேட்டரி போட்டும் கார் காலையில் செத்துக் கிடந்தது. கரண்ட் எங்கே கசிகிறது என்று பார்க்க, மெக்கானிக் பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் மீட்டர் சட்டென்று இறங்கியது.

"இதாண்ணே திருடன்! பக்கத்து சீட்டுக்கு மேல முகம் பாக்குற கண்ணாடி இருக்குல்ல, அதோட மூடி தொறந்தே கிடக்கு. ராத்திரி பூரா அங்க லைட்டு எரிஞ்சா பேட்டரி தாங்குமா? அண்ணிகிட்ட மூடச் சொல்லுங்க."

என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்றும் அந்த மூடியை நான்தான் மூடினேன். காரைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

"பேசாம பல்பைக் கழட்டிடவாண்ணே? தொல்லை விட்டுச்சு."

"வேண்டாம் தம்பி," என்றேன். "இருட்டுல அவளுக்கு முகம் தெரியாது."