இந்தப் பதிப்பு போகாது

"மேடம், இன்னிக்காவது புது வெர்ஷனை வெளியிட்டுடுங்க!" என்றான் இளம் ஆராய்ச்சியாளன். அவன் குழுவில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

செயற்கைக் கையை இயக்கும் மென்பொருள் அது. குழுவில் எல்லோரும் எழுதுவதை ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, வெளியே அனுப்புவது அந்த மேடத்தின் பொறுப்பு.

"முடியாதுப்பா. நீ புதுசா சேர்த்ததுல ஏதோ கோளாறு இருக்கு. விரல் பிடிச்சதைத் தானா விட்டுடுது."

"எப்பவோ ஒரு தடவைதானே மேடம்! அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம். முதல் கை யாருக்குப் போகுதோ, அந்தப் பொண்ணு வருஷக்கணக்கா காத்துட்டிருக்காளாம். உங்களுக்கு மனசே இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் கைபேசி ஒலித்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, என் கை இன்னிக்காவது தயாராயிடுமா?"

அவன் சட்டென்று கைபேசியைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்லடி, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"தினமும் இதையேதான் சொல்றே. பாப்பாவை ரெண்டு கையாலயும் தூக்கணும்மா. ஒரே ஒரு தடவையாவது!"

"ஒரு தடவை என்னடி, ஆயிரம் தடவை தூக்குவே. அதுல ஒரு தடவைகூட பாப்பா கீழே விழக் கூடாது. அதுக்குத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

அழைப்பு முடிந்ததும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பிடி விடுற இடத்தைக் காட்டுங்க மேடம். சரியாகாம இங்கேயிருந்து நான் எழுந்திருக்கப் போறதில்ல."