கறுப்பியும் ஊன்றுகோலும்

ராஜகிரி மலையின் நிழல் இன்னும் முற்றத்துக்கு வந்து சேரவில்லை. அனந்தமதி வெயில் காயும் கல்தரையில் உட்கார்ந்து, ஊன்றுகோலை எட்டாத தூரத்தில் போட்டிருக்கிறாள். போன மாதம் தவறி விழுந்தபோது கோல் இப்படித்தான் உருண்டோடியது. தம்பி பத்மகுமார் கடையிலிருந்து வரும்வரை நாலு மணி நேரம் கிடந்தாள். இனித் தனியே விடமாட்டேன், விடுதியில்தான் சேர்ப்பேன் என்கிறான் அவன். அதனால்தான் தெருவிலிருந்து வந்த கறுப்பிக்கு, கோலை எடுத்துவரும் இந்தப் பயிற்சி. அடிபட்டு வளர்ந்த நாய். கோலைக் கண்டாலே வாலை ஒடுக்கும். முதலில் கோலருகே வந்தாலே வேர்க்கடலை கொடுத்தாள், பிறகு மூக்கால் தொட்டால். இன்று கவ்வ வேண்டும். “ரெண்டு அடி போட்டா தானா எடுத்தாரும்க்கா. மல்லாட்ட தின்னே கொழுக்குது,” என்கிறான் பத்மகுமார், கடலையைக் காட்டி. “போட்டுப் போட்டுத்தான்டா இப்டி ஆயிருக்குது. நீ சும்மா இரு.” கறுப்பி அவள் உள்ளங்கையைப் பார்க்கிறது, கோலைப் பார்க்கிறது. பிறகு கைப்பிடியைக் கவ்வி, கரகரவென்று இழுத்துவந்து மடியருகே போடுகிறது. கடலையை ஊட்டிவிட்டு அவள் கோலைப் பிடிக்கிறாள். எழுவதற்கு அதைத் தூக்கித்தான் ஊன்ற வேண்டும். மெல்ல உயர்த்துகிறாள். கறுப்பியின் காதுகள் மடிகின்றன, கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. ஆனாலும் அது ஓடாமல் நிற்கிறது.