சுவரைச் சுரண்டாதீங்க

வீடு விலை போனால் முதலில் பெட்டி கட்ட வேண்டியது தான்தான் என்று அங்கே குடியிருந்த டெய்லரம்மாவுக்குத் தெரியும். இந்த வாடகைக்கு வேறெங்கும் மாட்டுத் தொழுவம்கூடக் கிடைக்காது. அதனால் வீடு பார்க்க வந்த ஆறு பேரையும் பேச்சாலேயே வந்த வழியே அனுப்பியிருந்தாள்.

ஏழாவது ஆள் நோட்டும் பேனாவுமாக வந்தார். அவரை வாயைத் திறக்கவே விடவில்லை அவள்.

“வாங்கண்ணே. சுவத்தை மட்டும் சுரண்டிடாதீங்க. பழைய பெயிண்ட், அத்தனையும் ஈயம்! குழந்தை குட்டி இருக்கிறவங்களுக்கு ஆகவே ஆகாது.”

அவர் எழுதிக்கொண்டார்.

“மேல பாருங்க, ஆஸ்பெஸ்டாஸ். ஒரு ஓட்டை போட்டாப் போதும், தூசி நேரா நுரையீரல்ல போய்க் குடித்தனம் பண்ணும். இந்த பிளைவுட் அலமாரியைத் திறந்தா கண்ணு எரியும். பசையிலேர்ந்து வர்ற கேஸ்!”

“அடேங்கப்பா! உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?”

“எங்க தலையெழுத்து. காசு கொடுத்து வாங்கற உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“வாங்கறதா? நான் பெயிண்டிங் கான்ட்ராக்டரும்மா. ஓனர் விக்கிற யோசனையையே விட்டுட்டாரு. ‘டெய்லரம்மாவே இருக்கட்டும், வீட்டைப் பளிச்சுனு ஆக்கிக் கொடு’ன்னு அனுப்பினாரு. நல்லவேளை, சொன்னீங்க!”

அவள் “அண்ணே…” என்று இழுப்பதற்குள், அவர் ஓனருக்குப் போன் போட்டு, நோட்டில் இருந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, போனை அவளிடம் நீட்டினார்.

“பத்து வருஷமா அந்த விஷத்துக்குள்ளயா இருந்தீங்க!” ஓனரின் குரல் தழுதழுத்தது. “இனி ஒரு நாள்கூட வேணாம்மா. நாளைக்கே காலி பண்ணிடுங்க, இடிச்சிடறேன்.”