வெர்னன் வீட்டுப் பியானோ

பைபிள்மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் நானும் மனைவி லொரெய்னும் உல்லாசக் கப்பலிலிருந்து மியாமியில் இறங்கினோம். மதியத்துக்குள் கிளீவ்லாண்டுக்குப் பறந்துபோய், மைத்துனன் வெர்னனின் பியானோவை மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டும். எங்கள் ஊரில் வீடு மாற்றினால் சொந்தக்காரன்தான் சுமக்க வேண்டும். கூலி, ஆறிப்போன பீட்சா.

விமானம் தாமதம் என்றார்கள். முதலில் மூடுபனி. பிறகு விமானியைக் காணவில்லை. அப்புறம் இறக்கைமேல் ஒரு முதலை ஏறிப் படுத்துக்கொண்டது. காத்திருந்த கூடமோ ஒரே நாற்றம். பக்கத்து இருக்கைக்காரர் கால் நகம் வெட்டினார். ஒரு துண்டு என் காப்பியில் விழுந்தது.

வெர்னன் போனில் கத்தினான். "மச்சான், எல்லாரும் வந்தாச்சு, உங்களத்தான் காணோம்!"

"முதலை இறங்குனாத்தானே மாப்ள வர முடியும்?"

"முதலையா? போன தடவ இடுப்பு வலின்னீங்க!"

"இங்க நாத்தம் குடலப் புடுங்குது, நீ வேற!"

"அக்காகிட்ட குடுங்க."

லொரெய்ன் வாங்கினாள். "ஆமாடா தம்பி, முதலைதான். பெருசு."

"ஐயோ பாவம்க்கா. சரி, நாங்களே தூக்கிக்கிறோம்."

நாங்கள் போன கப்பல் எங்களை ஏற்றிக்கொண்டு மியாமியை விட்டுக் கிளம்பியதே அன்று மாலை நாலு மணிக்குத்தான்.