பாதி நன்மை

“மைனி, அண்ணன் நேத்து ராத்திரியும் தராவீஹ் தொழுகையை நாற்காலியில உட்கார்ந்துதான் தொழுதாரு. பள்ளிவாசல்ல ஒரு மாதிரி பேசுதாங்க.”

கொழுந்தன் அப்ரார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். அக்தர் பானுவுக்குச் சுருக்கென்றது.

நாற்காலியா? இன்று விடியற்காலை இதே தரையில், அவள் கண்ணெதிரே, நெற்றி பதிய சுஜூது செய்த மனுஷனுக்கா?

நோன்புக்குச் சில மாதங்கள் முன்பு, தோல் பை தைக்கிற அவள் புருஷன் மன்சூர் அலிக்கு இடுப்பில் பிடித்த வலி, குதிகால் வரை மின்சாரம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. உல்லாஸ்நகர் மாமா, “ஆபரேஷன்தான் வழி” என்றார். ஆஸ்பத்திரியிலோ, “இப்போதைக்குக் கத்தி வேண்டாம். பயிற்சி செய்யட்டும், நடக்கட்டும், தரையில் குந்தி வேலை பார்க்க வேண்டாம்” என்றார்கள். பானு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ரமலானுக்குள்ள உங்க நெத்தி தரையில படணும். பட வைக்கேன், பாருங்க.”

தோல் வெட்டும் பலகையைச் செங்கல் அடுக்கி உயர்த்தினாள். ஆஸ்பத்திரியில் காட்டிக் கொடுத்தபடி அவரைக் குப்புறப் படுக்க வைத்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னாள்.

“பொண்டாட்டின்னு நெனச்சு ஒரு வாத்தியாரைக் கட்டிக்கிட்டேன்” என்று முனகுவார்.

“முனகுற மூச்சை ஒழுங்கா விடுங்க.”

சாயங்காலங்களில் தொண்ணூறடி ரோட்டில் கூடவே நடந்தாள். வலி குதிகாலை விட்டது. கெண்டைக்காலை விட்டது. நோன்புக்கு முந்தின வாரம் இடுப்பையும் விட்டது. ‘கத்தியில்லாம சரியாக்கினது நான்’ என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது நாற்காலியாம்!

நாலு மணிக்கு மன்சூர் வந்ததும் பிடித்துக்கொண்டாள். “வீட்டுல குனியுற இடுப்பு பள்ளியில குனியாதோ?”

“கடமையான பர்ளை நின்னுதான் தொழுதேன் புள்ள. தராவீஹுக்கு மட்டும்தான் நாற்காலி.”

“ஏன், வலிக்கா?”

“இல்ல.”

“முடிஞ்சவங்க உட்கார்ந்து தொழுதா பாதி நன்மைதானே? ரமலான்ல போயி நன்மையைப் பாதியாக் கேக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

“பாதி போதும்.”

“சோம்பேறிங்காங்க! நான் பட்ட பாடெல்லாம் பொய்யின்னு ஆவுது. இன்னைக்கு அப்ராரை விட்டு அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வரச் சொல்லுதேன். அப்புறம் எப்படி உட்காருதீங்கன்னு பாக்கேன்.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அஸர் தொழப் போய்விட்டார்.

கோபத்தோடு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சஃப்ரீன் வந்து நின்றாள். எதிர்வீட்டு மைதீன் பிச்சையின் மருமகள்.

“லாத்தா, எங்க மாமாவுக்கும் உங்க வீட்டு மச்சானுக்கு இருந்த அதே வலி. ஆஸ்பத்திரியில பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. செய்யவே மாட்டேங்குதாரு. நீங்க வந்து ஒரு அதட்டு அதட்டணும்.”

“அந்த வலியோடயா பள்ளிக்குப் போறாரு?”

“எங்க போனாரு! நாற்காலியில உட்கார்ந்தா கிழவன்னு ஓரங்கட்டிருவாங்கன்னு வீட்டுலயே கெடந்தாரு. நோன்பு பொறந்தும் போகல. தனியா உட்கார்ந்து அழுதாரு லாத்தா. அப்பதான் மச்சான் வந்து, ‘எனக்கு ஒத்தையா நாற்காலியில உட்கார வெக்கமா இருக்கு, துணைக்கு வாங்க’ன்னு கூப்பிட்டாரு. இப்ப மாமாதான் முதல்ல கிளம்புதாரு. ‘பாவம் மன்சூரு, நான் போகலைன்னா அவனும் போகமாட்டான்’னு.”

பானுவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

சஃப்ரீன் தயங்கினாள். “மச்சானுக்கு எல்லாம் சரியாயிருச்சுன்னு நீங்க சொன்னதாப் பேசிக்கிடுதாங்க. மாமா காதுலயும் விழுந்திருக்கு. ‘அப்ப என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டுத்தான் கூப்பிட்டானா’ன்னு காலையிலிருந்து ஒரே கேள்வி. நெசமாவே சரியாயிருச்சா லாத்தா?”

நோன்பு நேரம். பொய் நாக்கில் வரக் கூடாது.

பானு எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்குள் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“எங்க சரியாச்சு! நாந்தான் சும்மா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். தராவீஹுல இருபது ரக்அத்து குனிஞ்சு நிமிர அந்த மனுஷனால எங்க முடியுது?”