குமிழி விட்ட டயர்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு காரின் முன் டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் அதைக் கழற்றி, உள்பக்கம் ஒட்டுப் போட்டு, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்.

"ஒட்டுப் போட்ட உடம்போடயா மலை ஏறப் போறீங்க, அண்ணே?" என்று டிக்கியிலிருந்து ஸ்டெப்னி சிரித்தது.

டயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மெல்லச் சொன்னது: "பக்கத்துலயே இன்னொரு சின்ன ஓட்டை இருக்கு."

"ஐயோ, காட்டிக் கொடுத்துடாதே! மானம் போயிடும்" என்று டயர் தன் ரப்பரை இறுக்கி ஓட்டையை மூடிக்கொண்டது.

"உன்னை நம்பி ஒரு குடும்பமே கார்ல உட்காரப் போகுது" என்றது தண்ணீர்.

டயர் ஒரு கணம் தவித்தது. பிறகு வெட்கத்தை விட்டு உடம்பைத் தளர்த்தியது. குமிழிகள் கொப்புளித்து மேலே வந்தன. கடைக்காரர் பார்த்துவிட்டார். மறுபடி பிரித்து அதையும் அடைத்தார். இம்முறை தண்ணீரில் ஒரு குமிழிகூட எழவில்லை.

அன்று மலையில் பேய்மழை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டயர் தரையைக் கவ்விப் பிடித்தது. உச்சியில் கார் நின்றதும் குழந்தைகள் "ஹோ!" என்று கத்திக்கொண்டு குதித்து இறங்கினார்கள்.

டிக்கிக்குள்ளிருந்து குரல் வந்தது: "அண்ணே, இறங்கும்போதும் நீங்களே பார்த்துக்குங்க!"

"நீ நிம்மதியா தூங்குடா தம்பி" என்றது டயர், நெஞ்சு நிறையக் காற்றோடு.